இந்தோனேசிய மொழி கற்கும் வெளிநாட்டவருக்கான சிறுகதைப் பயிற்சி

இந்தோனேசிய மொழியைப் பிறமொழியாளருக்குக் கற்பிக்கும் பாடநெறி சுருக்கமாகப் பிபா எனப்படும். இதில் எழுத்துத்திறனை வளர்க்கும் பயிற்சிகளுள் சிறுகதை எழுதுதலும் ஒன்றாகும். இந்தோனேசிய மொழியில் சிறுகதை *செர்பென்* என அழைக்கப்படுகிறது. இது *செரித்தா* (கதை), *பெண்டெக்* (குறுகிய) ஆகிய சொற்களின் சுருக்கமாகும்.

பின்னணி

1928 ஆம் ஆண்டின் இளைஞர் உறுதிமொழியில் ஒற்றுமைக்கான மொழியாக ஏற்கப்பட்ட இந்தோனேசிய மொழி, 1945 இன் அரசியலமைப்பில் அரச மொழியானது. வெளிநாட்டு மாணவருக்கான *தர்மாசிஸ்வா* உதவித்தொகைத் திட்டம் 1974 இல் தொடங்கியது. 2017 இல் இந்தோனேசியக் கல்வி அமைச்சு பிபாவிற்கு ஏழு நிலைகள் கொண்ட தகுதித் தரத்தை வகுத்தது.

பயிற்சியின் தேவை

இந்தோனேசிய வினைச்சொற்கள் காலம், எண், பால் ஆகியவற்றுக்கேற்பத் திரிவதில்லை. ஆதலால் மாணவர் தனி வாக்கியங்களை விரைவில் எழுதப் பழகுகின்றனர். அவற்றைக் கதையாகத் தொடுக்கும்போதே இடர்ப்பாடுகள் வெளிப்படுகின்றன.

* காலம்: வினை காலம் காட்டாமையால், *சுடா* (முடிந்தது), *செடாங்* (நிகழ்கின்றது), *ஆக்கான்* (நிகழவுள்ளது) போன்ற சொற்களால் நிகழ்வுகளின் வரிசையை உணர்த்த வேண்டும்.
* படர்க்கை: அவன், அவள் இரண்டிற்கும் *டியா* என்பதே சொல். ஆணும் பெண்ணும் உரையாடும் காட்சியில் யாரைக் குறிக்கிறது என்பது மயங்கலாம்.
* தன்மைப் பன்மை: *காமி*, *கித்தா* என்பன முறையே தமிழின் நாங்கள், நாம் போன்றவை. இவ்வேறுபாடு இல்லாத ஆங்கிலம் போன்ற மொழிகளைப் பேசுவோர் இங்கு எளிதில் பிழைவிடுவர்.
* விளி: உறவுப்பெயர்கள் உறவினர் அல்லாதோரையும் அழைக்கப் பயன்படுகின்றன. தாயைக் குறிக்கும் *இபு*, வயதில் மூத்த பெண்ணுக்குரிய மரியாதைச் சொல்லுமாகும்.

கற்பிக்கும் முறை

முதலில் எளிய நாட்டார் கதையொன்றை வாசித்து அறிமுகம், சிக்கல், தீர்வு என்னும் பகுதிகளை இனங்காணலாம். பின்னர் அதனை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் மாற்றி எழுதலாம்.

மேற்குச் சுமாத்திராவின் *மாலின் குண்டாங்* கதை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். செல்வனாகத் திரும்பிய மகன் தன் ஏழைத் தாயை அறியாதவன்போல் மறுக்கிறான். அவளது சாபத்தால் கல்லாகிறான். இக்கதையைத் தாயின் கூற்றாக எழுதும் மாணவர், மகன் அவளை எவ்வாறு விளிக்கிறான் என்பதை முடிவுசெய்ய வேண்டும். *இபு* என்ற ஒரே சொல் அவன் வாயில் "தாயே" என்றும், முன்பின் அறியாத "அம்மையாரே" என்றும் பொருள்படக்கூடும். எப்பொருளில் அது ஒலிக்கிறது என்பதை அருகிலுள்ள சொற்களும் செயலுமே காட்ட வேண்டும். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியமும் இவ்விடத்தில் கதையைக் கெடுக்கலாம். அகராதியில் கிடைக்காத இச்சொல்வழக்கை மாணவர் தாமே தேர்ந்து பழகுவது இப்பயிற்சியின் முதன்மைப் பயனாகும்.