பந்தியும் பதிவேடும்: மலைத்தோட்டங்களில் அரசின் உணவு உதவி

பசித்தோர்க்கு உணவளித்தல் தலையாய அறம் என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. கோயில்களில் நிகழும் அன்னதானப் பந்தியில் அமர்வோரிடம் அவர்தம் வருமானத்தை எவரும் வினவுவதில்லை. இலை விரித்தவுடன் சோறு படைக்கப்படும். அரசு வழங்கும் உணவோ அத்தன்மையதன்று. கோடிக்கணக்கானோரின் வரிப்பணத்தைக் கையாளும் அரசு, பெறுவோர் யார் என்பதைப் பதிவேட்டில் எழுதியே ஆதல் வேண்டும். ஆகவே, எந்தப் பதிவேடு வறியவனை வறியவன் என்று காட்டுகின்றது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவின் முழுக் கனத்தையும் அறிய விரும்புவோர் மலைநாட்டுத் தோட்டங்களை நோக்குதல் தகும்.

கண்டி நகரின் தென்கிழக்கே, தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஏறிச் செல்லும் பாதையில் உள்ளது ஹேவாஹெட்ட. இம்மலைப்பகுதியைச் சார்ந்த லூல்கந்துர தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867ஆம் ஆண்டில் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்டார். தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளர்க்குத் தோட்ட நிருவாகமே அரிசி வழங்கிற்று. அதன் விலை அவர்தம் கூலியிற் கழிக்கப்பட்டது. ஆகவே தோட்டத்திலே சோறும் செக்றோலும் ஆதி முதலே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன எனலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. ஆங்கிருந்து வந்த அரிசி தடைப்படவே இலங்கையிலே உணவுப் பங்கீடு தொடங்கிற்று. மக்கள் 'கூப்பன்' என்றழைத்த பங்கீட்டுப் புத்தகம், செல்வர், வறியர் என்னும் வேற்றுமையின்றி வழங்கப்பட்டது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். எனினும் வாக்காளர் இடாப்பில் பெயரில்லாதோரும் கூப்பன் புத்தகத்திலே பெயருடையோராய் இருந்தனர். 1953இல் கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபொழுது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். பந்தி அனைவர்க்கும் பொதுவாயிருந்தமையால் அதனைக் காக்க எழுந்தோரும் பலராயினர். 1966இல் அவரது பிற்கால அரசு பங்கீட்டைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்கு ஒரு கொத்தினை இலவசமாக்கியது.

பெருமாற்றம் 1978இல் நேர்ந்தது. ஐவர் கொண்ட குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படின் பங்கீடு இல்லை என விதிக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வருமானத்தைக் குடும்பத்தாரே எழுதிக் கொடுத்தனர். இங்கேதான் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு புலனாகின்றது. சிறு வயலும் மிளகுக் கொடியும் நாட்கூலியும் உடைய கிராமத்தவரின் வருவாயை அளந்து சொல்லும் ஏடு எதுவுமில்லை. தோட்டத் தொழிலாளியின் வருவாயோ சதக்கணக்கில் செக்றோலில் உள்ளது. கணவன், மனைவி, வளர்ந்த மக்கள் ஆகியோரின் கூலியைக் கூட்டினால் தொகை எல்லையைத் தாண்டிவிடும். அதே கூலியில் உண்போர் எத்தனை பேர், கடன் எவ்வளவு என்பவற்றைச் செக்றோல் சொல்லாது. ஆதலின் தோட்டங்களில் உணவு முத்திரை பெற்றோர் ஒப்பளவிற் குறைவாகவே இருந்தனர். ஏழைமை குறைவாயிருந்தமையால் அன்று, கணக்கு நிறைவாயிருந்தமையாலேயே அவர்கள் விடுபட்டனர் என்பது ஈண்டு உணரத்தக்கது.

முத்திரை பெற்றோர்க்கும் ஓர் இடர் நேர்ந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவிற் குறிக்கப்பட்டது. விலைவாசி ஏறியபோது அது ஏறவில்லை. கொத்தாகக் கொடுத்தால் கொத்து குறையாது, பணமாகக் கொடுத்தாற் பணம் தேயும் என்னும் பாடத்தை இது கற்பித்தது. பின்னர் 1989இல் ஜனசவியவும், 1995இல் சமுர்த்தியும் தோன்றின. தோட்ட மக்களை நிருவாகத்தின் பொறுப்பினராகக் கருதும் பழைய எண்ணம் நீங்காமையால், சமுர்த்தியும் தொடக்கத்தில் அவர்களைப் பெரும்பாலும் எட்டவில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின், 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அஸ்வெசும என்னும் திட்டம் 2023 யூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இது உணவாக அன்றிப் பணமாக வங்கிக் கணக்கிற் சேர்வது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் வகுக்கப்பட்டன. 2025 சனவரியில் இவை முறையே 17,500, 10,000 என உயர்த்தப்பட்டன. வருமானம் ஒன்றையே கேளாது, கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, உடைமை, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு தகுதி கணிக்கப்படுகின்றது. அந்த அளவில் செக்றோலின் தனியாட்சி நீங்கிற்று எனலாம்.

ஆயினும் விண்ணப்பிப்போர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, பிரதேச செயலகம். ஹேவாஹெட்ட நகர் நுவரெலியா மாவட்டத்து ஹங்குராங்கெத்த பிரிவைச் சார்ந்தது. அதே பெயர் தாங்கிய பாதஹேவாஹெட்ட பிரிவும், அயலிலுள்ள தெல்தோட்டைப் பிரிவும் கண்டி மாவட்டத்தன. பெயரை நம்பிச் செல்வோர் ஒரு நாட்கூலியை இழந்து திரும்ப நேரும். தம் கிராம அலுவலரிடம் பிரிவினை முதலில் உறுதிசெய்தல் நன்று. இரண்டாவது, தேசிய அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும். இவற்றிலுள்ள பெயர் எழுத்து வேறுபட்டால் பணம் வந்து சேர்வதில் தடை நேரலாம். மூன்றாவது, குடும்பம் என்பதன் பொருள். ஒரு லயத்துக் காம்பிராவில் தாய் தந்தையரும் மணமான மகனும் வெவ்வேறு உலை வைத்து வாழலாம். கணக்கெடுப்போரிடம் இதனைத் தெளிவாகச் சொல்லாவிடின் இரு குடும்பம் ஒன்றாகி, வருவாய் மிகுந்ததாகத் தோன்றும். நான்காவது, கூலி. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவானதை நாடே அறியும்; மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதைத் தொழிலாளியே சொல்ல வேண்டும். ஆகவே சம்பளத் துண்டுகளைப் பேணி வைத்தல் அவசியம். இறுதியாக, பட்டியலிற் பெயர் விடுபட்டோர்க்கு மேன்முறையீடு உண்டு. ஆனால் அதற்குக் காலவரையறை உண்டு. தனி முகவரியின்றித் தோட்டக் காரியாலயத்தின் வழியே கடிதம் பெறும் லயங்களில், அறிவித்தல் வந்து சேருமுன் அக்காலம் கழிந்துவிடுதலும் கூடும்.

இவ்விடத்திலேதான் கற்றோரின் கடமை தொடங்குகின்றது. அறிவித்தலை வாசித்துச் சொல்வதற்கும், படிவத்தைப் பிழையற நிரப்புவதற்கும், மேன்முறையீட்டை நாளுக்குள் எழுதுவதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். மலைநாட்டுப் பாடசாலைகளிற் பயிலும் மாணவருட் பலர், தம் வீட்டில் இத்தகைய படிவத்தை வாசிக்கவல்ல முதல் தலைமுறையினர் ஆவர். அரசு பந்தியை விரித்தாலும், பதிவேட்டிற் பெயர் ஏறாதவனுக்கு இலை இல்லை. அப்பெயர் பிழையின்றி ஏறுமாறு செய்தலும் அன்னதானத்தின் ஒரு கூறேயாம்.