வெயிலுக்கு ஒரு பொறுப்பு அதிகாரி: அகமதாபாத் மாநகராட்சி உயிர்களைக் காப்பாற்றியது எப்படி?

பருவநிலை மாற்றம்னு சொன்னதும் ஐ.நா. மாநாடு, உருகும் பனிப்பாறை என்று எங்கோ தொலைவில் நடக்கும் விஷயங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குப்பை அள்ளி, தெருவிளக்கு போட்டு, சொத்து வரி வசூலிக்கும் ஒரு மாநகராட்சியால் இதில் என்ன செய்துவிட முடியும்?

குஜராத்தின் அகமதாபாத் மாநகராட்சியிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் ஆகவில்லை.

2010 மே மாதம் என்ன நடந்தது?

அகமதாபாத்துக்கு வெயில் புதிதல்ல. கோடையில் 42 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே சாதாரணம். ஆனால், 2010 மே மாதம் வந்த வெப்ப அலை வேறு ரகம். வெப்பநிலை 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரே மாதத்தில் நகரில் 4,462 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டு, அடுத்த ஆண்டு மே மாதங்களோடு ஒப்பிட்டால் இது 1,344 அதிகம். அதாவது, வழக்கத்தைவிட 43 சதவீதம் கூடுதல்.

இந்தக் கணக்கு, இறப்புப் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் பின்னர் போட்டது. வெயிலால் இறந்தார் என்று இறப்புச் சான்றிதழில் எழுதப்படுவது அபூர்வம். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் பதிவாகும். வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். வெயில் அப்படியில்லை, சத்தமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

பச்சிளம் குழந்தைகளும் தப்பவில்லை. அங்குள்ள சாரதாபென் மருத்துவமனையில், வெப்பத்தால் உடல் கொதித்த நிலையில் பல குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். பிரசவ வார்டு இருந்தது மேல்தளத்தில். மொட்டை மாடியில் இறங்கும் வெயில் மொத்தமும் நேராக வார்டுக்குள். பின்னர் வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்ததாக ஆய்வு சொன்னது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. கட்டில்களை இடம் மாற்றியதுதான் வித்தியாசம்.

அப்படி என்ன திட்டம்?

காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து, 2013-ல் மாநகராட்சி ஒரு ‘வெப்பச் செயல் திட்டத்தை’ வெளியிட்டது. தெற்காசியாவில் ஒரு நகரத்துக்கென்றே உருவான முதல் திட்டமாக இது குறிப்பிடப்படுகிறது.

திட்டத்தின் மையம் ரொம்ப எளிமை. எத்தனை டிகிரி வந்தால், யார், என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அவ்வளவுதான்.

இதற்காக மூன்று நிறங்களில் எச்சரிக்கை உருவாக்கப்பட்டது. வெப்பநிலை 41.1 முதல் 43 டிகிரி வரை என்றால் மஞ்சள். 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45-ஐத் தொட்டுவிட்டால் சிவப்பு. வெயில் வந்த பிறகு ஓடுவதற்குப் பதிலாக, சில நாள் முன்பே கிடைக்கும் வானிலைக் கணிப்பை வைத்துத் தயாராவது நோக்கம்.

எச்சரிக்கை வந்தால் என்ன நடக்கும்?

மாநகராட்சியில் இதற்கென ஒரு பொறுப்பு அதிகாரி இருக்கிறார். எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் சேவை, ஊடகங்கள் என எல்லோருக்கும் தகவல் போகும். யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது. மக்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். குடிநீர் வைக்கும் இடங்கள் அதிகமாகும். பூங்காக்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கும். மருத்துவமனைகளில் ஐஸ் பேக், ஓஆர்எஸ் கரைசல் தயாராக இருக்கும்.

கோடைக்கு முன்பே மருத்துவர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் பயிற்சி நடக்கும். மயங்கி வருபவருக்கு வெறும் களைப்பா, உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கமா என்று சட்டெனப் பிரித்தறிவது முக்கியம். உடல் சூட்டை உடனே இறக்காவிட்டால் மூளை, சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும்.

2017-ல் இன்னொரு படி. குடிசைப் பகுதி வீடுகளிலும் மாநகராட்சிக் கட்டடங்களிலுமாக 3,000 கூரைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூச இலக்கு வைக்கப்பட்டது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம். தகரக் கூரைக்கடியில் ஏசி இல்லாமல் வாழும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் 2014, 2015 ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. முன்பு, பின்பு என்று ஒப்பிடும் ஆய்வு என்பதால், மொத்தப் பலனும் இந்தத் திட்டத்தால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், அதே அளவு வெயிலில் முன்பைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள் என்பது தெளிவு. இதைப் பார்த்து நாட்டின் பல நகரங்களும் மாநிலங்களும் இதுபோன்ற திட்டங்களை உருவாக்கின.

குறையே இல்லையா?

இருக்கிறது. இந்தத் திட்டம் புவி வெப்பமாவதைத் தடுக்காது. கரிம உமிழ்வைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதி மின் உற்பத்தி, தொழில், போக்குவரத்து போன்ற துறைகளில் நடக்க வேண்டும். அவை மாநகராட்சியின் கையில் இல்லை. வந்துவிட்ட வெயிலில் மக்கள் சாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இந்தத் திட்டத்தின் வேலை.

இன்னொரு சிக்கல், ‘மதியம் வெளியே போகாதீங்க’ என்று குறுஞ்செய்தி வந்தால், அலுவலகத்தில் ஏசியில் இருப்பவர் கேட்டுக்கொள்வார். டெலிவரி ஊழியரும் கட்டடத் தொழிலாளியும் வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடுமே? எச்சரிக்கையோடு நிழல், தண்ணீர், வேலை நேர மாற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் அவர்களுக்குப் பயன்.

தமிழ்நாட்டுக்கு என்ன பாடம்?

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. ஆனால், அகமதாபாத்தின் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே காய்ந்த வெயில், சென்னையில் புழுக்கம். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை காயாது. உடல் சூடு இறங்காது. அதனால், 38 டிகிரியிலேயே சென்னைவாசிக்கு ஆபத்து வரலாம். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி என்றால், கடலோரத்தில் 37 டிகிரியிலிருந்தே வெப்ப அலையை வானிலை ஆய்வு மையம் கணக்கில் எடுப்பது இதனால்தான்.

எனவே, ஒவ்வோர் ஊரும் தன் இறப்புப் பதிவுகளைப் பார்த்து, தனக்கான ஆபத்து எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். கத்திரி வெயில் தொடங்கும் முன்பே உங்கள் மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று: நம் ஊரில் எத்தனை டிகிரி வந்தால் எச்சரிக்கை? அன்றைக்குப் பொறுப்பு யார்? தகரக் கூரை வீடுகள் அதிகம் உள்ள வார்டுகளின் பட்டியல் கையில் இருக்கிறதா?