ஓர் ஏடு கூடிப் பிறந்த குழந்தை

“உன் தங்கைக்கு என்ன வருத்தம்?” என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்கின்றான். விடை அறியாத அண்ணன் தலைகுனிகின்றான். பின்னர் நண்பரை வீட்டிற்கு அழைத்து வரவும் கூசுகின்றான். டவுண் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தை உள்ள வீடுகள் சிலவற்றில் இன்றும் நிகழ்வது இதுவே. பெரியோர் மறைத்து மறைத்துப் பேசுவதைக் கண்டே பிள்ளைகள் வெட்கப்படக் கற்கின்றனர். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கின்றது?

நம் உடலிலுள்ள கலங்களின் கருவினுள் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள. உடல் வளரும் வகையைக் குறித்து வைத்த ஏட்டுச் சுவடியாக அவற்றைக் கொள்ளலாம். அச்சுவடியில் ஏடுகள் 46. தாய் தந்தவை 23, தந்தை தந்தவை 23. முட்டையோ விந்தோ உருவாகும்பொழுது இணை ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிதல் வேண்டும். சிற்சில வேளைகளில் 21ஆம் இணை பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிடுகின்றது. அதனாற் குழந்தைக்கு அந்த ஏடு மூன்றாகி, மொத்தம் 47 ஆகின்றது. ஏடு கிழியவில்லை, எழுத்துப் பிழையுமில்லை, ஒன்று கூடிவிட்டது, அவ்வளவே.

இக்குழந்தைகளின் இயல்பை 1866ஆம் ஆண்டில் விவரித்தவர் லாங்டன் டவுண் என்னும் ஆங்கில வைத்தியர். காரணம் தெரிய மேலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. மனிதனின் நிறமூர்த்தங்கள் 48 என்றே அறிஞர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 46 என்பது 1956இலேதான் வெளியாயிற்று. 1959இல் பாரிஸ் நகரில் லெஜூன், கோதியே, தூர்ப்பென் ஆகிய மூவரும் 47ஆவதை அறிவித்தனர். கலங்களை வளர்த்துக் கொடுத்த மார்த் கோதியே அம்மையாரின் பங்கு உலகுக்குத் தெரியப் பல்லாண்டு சென்றமை வருந்தத்தக்கது.

தாயின் வயது ஏற ஏற இப்பிரியாமை நேரும் வாய்ப்பு மிகுகின்றது. எனினும் இளந்தாய்மாருக்கும் இத்தகைய குழந்தை பிறப்பதுண்டு. கிரகணத்தில் வெளியே சென்றாள், ஆகாததை உண்டாள் என்று தாயைப் பழிப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: அவள் செய்த எதனாலும் இது விளைந்ததன்று. இது தொற்றுவதுமன்று.

இக்குழந்தைகளின் தசை தளர்ந்திருக்கும். நடையும் பேச்சும் பிந்தி வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயத்திற் குறையுண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சத்திர சிகிச்சையாற் சீர்செய்யலாம். செவிப்புலன் குன்றியோரும் பலர். காது கேளாத பிள்ளையை மந்தமென்று மூலையில் இருத்தும் கொடுமையும் நடக்கின்றது! காதையும் கண்ணையும் காலாகாலத்திற் பரிசோதித்தல் இன்றியமையாதது. அமெரிக்காவில் 1983இல் இத்தகையோரின் சராசரி ஆயுள் 25 ஆண்டளவே. இன்று அது 60ஐ அண்மியுள்ளது. இக்காலத்தில் அவர்களுட் பலர் வாசிக்கவும் எழுதவும் கற்கின்றனர். தொழில் புரிவோரும் உளர்.

அத்தங்கையோடு பேசும்பொழுது சிறு வாக்கியமாகச் சொல்லி, அவள் விடை கூறும்வரை சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டு அவளுக்காக நாமே விடை கூறிவிடுதலே பெரும்பாலோர் செய்யும் தவறு.

“எனக்கும் நாளை இத்தகைய பிள்ளை பிறக்குமோ?” என்னும் அச்சம் அண்ணனின் உள்ளத்தில் ஒளிந்திருத்தல் கூடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் இது தற்செயலாய் நேர்வதே, பரம்பரையாய் வருவதன்று. 21ஆம் ஏடு வேறோர் ஏட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அரிய வகை மட்டும் குடும்பத்திற் தொடரக்கூடும். தங்கைக்கு உள்ளது எவ்வகை என்பதைக் குருதிப் பரிசோதனை காட்டிவிடும். அதனை வைத்தியரிடம் கேட்டறியும்பொழுது அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லலாம்.