சம்பளம் யார் கொடுக்கிறது?

“பொம்பளப் புள்ளைக பாஸ்கெட்பால் ஆடி மாசாமாசம் சம்பளம் வாங்குதுகளாமே, நெசந்தானுங்களா? யாருங்க குடுக்கறாங்க?”

மேச்சேரி டீக்கடை பெஞ்சில் இதைக் கேட்டவர் பட்டி நிறைய ஆடு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். மகள் எட்டாவது படிக்கிறாள். பி.டி. டீச்சர் பந்தைக் கையில் கொடுத்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லையாம். இதனால் சோறு கிடைக்குமா என்று அப்பாவுக்கு ஒரு கணக்கு தேவைப்படுகிறது. நியாயமான கேள்வி. ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

அணி இருக்கிறது அண்ணா. அதன் முதலாளியும் உங்களுக்குத் தெரிந்தவர்தான். சேலத்திலிருந்து மேட்டூர் அணைக்குப் போகிற பாதையில் மேச்சேரி ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதை நடத்துகிற தெற்கு ரயில்வேதான். இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் ரயில்வேயின் பெயர் வந்துவிடும்.

எப்படி என்றால், ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டா என்று ஒன்று உண்டு. 18 வயதுக்கு மேல், 25க்குள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ டிகிரியோ, படிப்புக்குத் தக்க வேலை. மாநிலத்துக்கு ஆடியவரா, நாட்டுக்கு ஆடியவரா என்பதைப் பொறுத்து வேலையின் படி மாறும். ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் கீழ்ப்படியில் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். நடுப்படியில் 19,900 அல்லது 21,700. மேல்படியில் 25,500 அல்லது 29,200. அதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பாஸ் எல்லாம் உண்டு. பெயருக்கு கிளார்க், டிக்கெட் பரிசோதகர் என்று ஏதாவதொரு பதவி. காலையும் மாலையும் பயிற்சி, இடையில் ஆபீஸ். போட்டிக் காலத்தில் ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை, மைதானத்தில் இருப்பதும் பணியாகவே கணக்காகும். பதக்கம் வாங்கினால் பதவி உயர்வு சீக்கிரம் வரும்.

தெற்கு ரயில்வேக்கு ஓர் அணி, கிழக்கு ரயில்வேக்கு ஓர் அணி என்று மண்டலத்துக்கு மண்டலம் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் இவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். அதில் தேறுகிறவர்களைப் பொறுக்கி, ‘இந்தியன் ரயில்வேஸ்’ என்று ஒரே சட்டை மாட்டி தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம் என்று மாநிலங்கள் நிற்கிற வரிசையில் ரயில்வேயும் ஒரு தனி மாநிலம் மாதிரி நிற்கும். இதையெல்லாம் மேலிருந்து கவனிக்கிற ரயில்வே விளையாட்டு வாரியத்தின் வேர் 1928 வரை போகிறது.

“அப்ப அவங்க ஆபீசருங்களா, ஆட்டக்காரிங்களா?” என்றார் அண்ணன்.

இரண்டும்தான். ஏட்டில் பார்த்தால் ரயில்வே ஊழியர், ஓய்வு நேரத்தில் ஆடுகிறவர். ஆனால் ஆட்டத்துக்காக வேலைக்கு எடுத்து, ஆட்டத்துக்காக விடுப்பு கொடுத்து, ஜெயித்தால் சம்பளத்தையும் உயர்த்தினால் அதற்குத் தொழில் என்றுதான் பெயர். லீக், ஏலம், டிவி விளம்பரம் எதுவும் இல்லாததால் நாம் அதை அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே.

இந்த அணியில் வளர்ந்த இருவரைச் சொன்னால் விஷயம் விளங்கும். இருவரும் 1985இல் பிறந்தவர்கள். ஒருவர் சென்னைப் பெண் அனிதா பால்துரை. பதினொரு வயதுவாக்கில் பந்தைத் தொட்டவர், பத்தொன்பது வயதில் இந்திய அணிக்கே கேப்டன். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் நாட்டுக்காக இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் பல பத்திரிகைகள் அவர் யாரென்று தேட ஆரம்பித்தன. தமிழ்நாட்டில் கிரிக்கெட் மாற்று ஆட்டக்காரரின் முழங்கால் வலிகூடச் செய்தியாகிற காலம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொருவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் கோட்டயம் பக்கம். ஆறடி இரண்டங்குல உயரம். முதலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். உயரத்தைப் பார்த்தால் எந்த கோச்சும் சும்மா விடமாட்டார், கூடைப்பந்துக்கு இழுத்துவிட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்து வேறு: பெண்கள் ஆடுவது ஆறாம் நம்பர், ஆண்களுடைய ஏழாம் நம்பரைவிடச் சுற்றளவில் ஓர் அங்குலம் குறைவு, எடையும் கொஞ்சம் குறைவு. ஆனால் வளையம் இருவருக்கும் அதே பத்தடி உயரத்தில்தான். அந்தப் பத்தடிக்குக் கீழே நின்று கையை உயர்த்திச் சற்றே எம்பினால் வலையைத் தொட்டுவிடக்கூடிய பெண், எதிரணியில் ஐந்தரை அடிப் பெண்கள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கீது தெற்கு ரயில்வேக்கு ஆடிக்கொண்டே 2006இல் ஆஸ்திரேலியா போனார். மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். இந்தியப் பெண் ஒருவர் அப்படி ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடப் போனது அதுதான் முதல்முறை. 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளான சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் மூன்றும் ட்ரையலுக்கு அழைத்தன. உலகத்திலேயே பெரிய பெண்கள் லீக் அது. அப்போது 12 அணி, அணிக்கு 11 பேர்; மொத்த உலகத்துக்கும் நூற்று முப்பத்து சொச்சம் நாற்காலிதான். அதில் ஒன்று கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். இங்கே ரயில்வே வேலை அப்படியே இருந்தது. 2014இல் அர்ஜுனா விருதும் வந்தது.

அந்த ‘அப்படியே இருந்தது’ என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்கு அமெரிக்கக் கதை கொஞ்சம் தேவை.

அமெரிக்காவில் பெண்கள் பணத்துக்குக் கூடைப்பந்து ஆடுவது பழைய வழக்கம். 1936இல் மிசௌரி மாநிலத்தில் ஓல்சன் என்கிறவர் ஓர் அணி சேர்த்தார். அவர் மனைவிக்கு அழகு நிலையங்கள் இருந்தன. அதனாலோ என்னவோ, அணியில் எல்லாப் பெண்களும் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசியாக வேண்டும். பெயரே ‘ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்’. ஊர் ஊராகக் காரில் போய், அந்தந்த ஊர் ஆண்கள் அணியோடு, ஆண்களுடைய விதிப்படியே ஆடி, டிக்கெட் விற்றுப் பிழைத்தார்கள். நடுநடுவே வேடிக்கையும் காட்டுவார்கள். 1986 வரை ஐம்பது வருஷம் ஓடியது. நம் ஊர்களில் நாடக கோஷ்டி முகாம் போட்டுப் போன காலம் நினைவுக்கு வருகிறது என்றார் அண்ணன். மறுக்கத் தோன்றவில்லை.

பிறகு 1997இல் டபிள்யூ.என்.பி.ஏ. வந்தது. முதல் நான்கு வருடமும், அதாவது 1997, 98, 99, 2000, ஒரே அணிதான் கோப்பையைத் தூக்கியது: ஹூஸ்டன் காமெட்ஸ். சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்சன் மூவரையும் ஒரே அணியில் வைத்திருந்தால் வேறு என்ன ஆகும். ஆண்கள் அணியான ராக்கெட்ஸின் அப்போதைய முதலாளி லெஸ்லி அலெக்ஸாண்டர்தான் இதற்கும் முதலாளி. 2007இல் அவர் இதை ஒரு பர்னிச்சர் வியாபாரிக்கு விற்றார். அந்த வியாபாரி இரண்டு வருஷத்துக்குள் கை கழுவப் பார்த்தார், வாங்க ஆள் வரவில்லை. 2008 டிசம்பரில் லீக்கே அணியை மூடிவிட்டு, ஆட்டக்காரிகளை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. நான்கு கோப்பை வாங்கிய அணி, தோற்று மூடவில்லை. முதலாளி இல்லாமல் மூடியது.

தெற்கு ரயில்வேக்கு இந்தப் பயம் கிடையாது. அரங்கில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசியில் சம்பளம் கணக்கில் ஏறிவிடும். டிக்கெட் விற்பனையில் தொங்காத அணி என்பது சாதாரண வசதி இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஷெரில் ஸ்வூப்ஸ் 1997இல், லீக் தொடங்கிய அதே கோடையில், குழந்தை பெற்றார். ஆறே வாரத்தில் திரும்ப வந்து ஆடினார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதை வீரமாக எழுதின. வீரம்தான், ஆனால் ஆறு வாரத்துப் பச்சைக் குழந்தையின் தாய் ஏன் ஓட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அந்த லீக்கில் பிரசவ விடுப்புக்கு முழுச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுதியது 2020இல்தான். இங்கே மத்திய அரசு வேலையில் இருக்கிற பெண்ணுக்கு 180 நாள் முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு 2008 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ரயில்வேயில் ஆடுகிற பெண்ணுக்கும் அதே சட்டம்தான். ஆட்டக்காரி என்று தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

அனிதா பால்துரை தாயான பிறகு திரும்ப வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு. இறுதி ஆட்டம் கஜகஸ்தானோடு. நாற்பது நிமிடம் முடிந்தபோது பலகையில் 75-73. இரண்டே புள்ளி, ஒரு கூடை. இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது, அந்த அணியில் அனிதாவும் இருந்தார்.

இவ்வளவு சொன்னதும் அண்ணன் மகளை நாளைக்கே சென்னைக்கு ரயிலேற்றிவிடுவார்போல் இருந்தது. அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நல்லா ஆடுகிற பெண்ணுக்கு வேலை கொடுக்கிற இடம் நாட்டில் குறைவு. ரயில்வேதான் பெரிய கதவு. அதனால் எந்த மாநிலத்தில் ஒரு பெண் தேறினாலும் ரயில்வே கூப்பிடுகிறது, அவளும் போகிறாள். போகாமல் என்ன செய்வாள். தேசியப் போட்டி என்று வந்தால் மாநிலங்கள் தாங்கள் வளர்த்த பெண்களையே எதிரே நிறுத்தி ஆட வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது, ஊரே கொண்டாடியது. பெண்கள் இறுதியில் ரயில்வே தெலங்கானாவை நூறு புள்ளிக்கு மேல் அடித்துச் சாய்த்தது. அதில் இறுதி ஆட்டத்துக்குரிய சுவாரசியம் இல்லை.

“ஊர்ல இருக்கிற நல்ல கெடாயெல்லாம் ஒரே பட்டியில அடைச்சுப்போட்டா, அப்புறம் சந்தையில என்னத்தைங்க வெல பேசறது?” என்றார் அண்ணன். நான் சுற்றி வளைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ரயில்வேக்கு ஓரளவு ஈடு கொடுத்தது கேரளம். காரணம் எளிது: அங்கே மாநில மின்வாரியம், கே.எஸ்.இ.பி., பெண்கள் கூடைப்பந்து அணி வைத்து வேலையும் கொடுக்கிறது. இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த பி.எஸ். ஜீனா அந்த வாரியத்து ஊழியர்தான். கீது ஆடிய அதே ரிங்வுட் கிளப்புக்கு அவரும் போய் ஆடிவிட்டு வந்தார். ஊரிலேயே வேலை இருந்தால் பெண் ஊரை விட்டுப் போகமாட்டாள், மாநில அணியும் மெலியாது. தமிழ்நாட்டில் நம் மின்வாரியமோ, போக்குவரத்துக் கழகமோ, இதோ பொட்டனேரியில் புகை விடுகிற இரும்பாலை மாதிரி தனியார் கம்பெனியோ பெண்களுக்கு இப்படி ஓர் அணி வைத்தால் எவ்வளவு செலவாகிவிடும்? பன்னிரண்டு சம்பளம், ஒரு கோச், ஒரு சிமென்ட் தளம். கோயம்புத்தூரில் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் பெயரில் பெண்களுக்கு அகில இந்தியக் கோப்பை நடக்கிறது. கொங்குநாட்டுக் கம்பெனி கோப்பை கொடுக்க முன்வருகிறது, நல்லதுதான். வேலை கொடுக்க முன்வருவது இன்னும் பெரிய காரியம்.

இன்னொன்று, வயது. ஆட்டம் முப்பதை ஒட்டி ஓய்ந்துவிடும். வேலை அறுபது வரை. அந்த மீதி முப்பது வருடம் அவள் நிஜமாகவே கிளார்க். ஃபைல் பார்க்கத் தெரிய வேண்டும், பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வு எழுத வேண்டும். படிப்பை விட்டுவிட்டு ஆடுகிற பெண்கள் பத்தாவதோடு நின்றால் கீழ்ப்படியிலேயே நிற்க வேண்டிவரும். மேல்படிக்கு டிகிரி கேட்கிறார்கள். அனிதா பி.காம். முடித்தார், எம்.பி.ஏ.வும் படித்தார்.

அப்படியானால் எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு இப்போது என்ன வழி? பள்ளியில் ஆடினால் மட்டும் போதாது. மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் நடத்துகிற தேர்வுக்குப் போக வேண்டும். அங்கிருந்து மாநில சப்-ஜூனியர், ஜூனியர் அணி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் ஏழாவதிலிருந்தே சேர்க்கிறார்கள், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோடையில் தேர்வு வைப்பார்கள், அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“எங்கூட்டுல கப்பு மட்டும் இப்பவே நாலஞ்சு இருக்குதுங்க” என்றார் அண்ணன். கிளப் போட்டி, கோயில் திருவிழாப் போட்டி, பிறந்தநாள் கோப்பை எல்லாம் கண்ணாடி அலமாரிக்கு அழகு. ரயில்வே விண்ணப்பத்தில் அவற்றுக்கு இடமில்லை. கூட்டமைப்பு அங்கீகரித்த தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அதுவும் பழையதாக இருக்கக்கூடாது, விண்ணப்பிக்கிற காலத்துக்கு இரண்டு மூன்று வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாதவரை ட்ரையலுக்கே கூப்பிடமாட்டார்கள்.