இடக்கால் செருப்பு, வலக்கால் செருப்பு

ஜம்மு பகுதியில் தோடா என்று ஒரு மலை மாவட்டம் இருக்கிறது. அங்கே பத்ரவா என்ற ஊரைச் சுற்றி விவசாயிகள் முன்பு மக்காச்சோளம் பயிரிட்டார்கள். இப்போது பலர் லாவெண்டர் பயிரிடுகிறார்கள். அது ஊதா நிறப் பூச்செடி. மத்திய அரசு நிறுவனம் 2016இல் தொடங்கிய நறுமண இயக்கத்தின் மூலம் நாற்றுகள் இலவசமாகக் கிடைத்தன.

பூவை அறுத்துப் பெரிய கொப்பரையில் நிரப்புவார்கள். அதற்குள் நீராவியை விடுவார்கள். பூவில் உள்ள எண்ணெய் ஆவியோடு சேர்ந்து வெளியே வரும். ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீர் கீழே நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும். சோப்பு, அத்தர், தைலம் செய்பவர்கள் அதை வாங்குகிறார்கள். நல்ல விலை கிடைக்கும். நல்ல விலை உள்ள பொருளில் கலப்படம் வராமல் இருக்குமா?

லாவெண்டர் எண்ணெயில் லினலூல் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதைத் தொழிற்சாலையிலும் செய்யலாம். விலை மலிவு. அதை எண்ணெயில் கலந்துவிட்டால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கலக்காமல் விற்பவர் என்ன செய்வார்? கலந்த எண்ணெயின் மலிவு விலைக்கு அவருடைய எண்ணெயையும் கேட்பார்கள்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் செருப்புகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே தோல், ஒரே அளவு, ஒரே எடை. ஆனால் இடக்கால் செருப்பு வலக்காலில் சரியாகப் பொருந்தாது. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம் போன்றது.

லினலூலின் மிகச் சிறிய துகளை மூலக்கூறு என்பார்கள். அதிலும் இப்படி இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. இந்தக் குணத்துக்குக் கைரல் என்று பெயர். கிரேக்க மொழியில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் 'கை'யும் அதில் ஒலிப்பது வேடிக்கைதான்!

லாவெண்டர் செடி பெரும்பாலும் இடது வகையையே செய்கிறது. நம் வீட்டுக் கொத்தமல்லி விதையில் இருப்பது பெரும்பாலும் வலது வகை. தொழிற்சாலையில் சாதாரணமாகச் செய்யும்போது இரண்டும் பாதிக்குப் பாதி வரும். அங்கேதான் குட்டு வெளிப்படுகிறது.

பரிசோதனைச் சாலையில் முடிபோல் மெல்லிய, மிக நீளமான குழாய் ஒன்று சுருளாக இருக்கும். ஒரு சொட்டுக்கும் குறைவான எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். ஒரு வாயு அந்த ஆவியைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். எண்ணெயில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனைக்கு வரும். வரும்போதெல்லாம் கருவி ஒரு மலை வரையும்.

சாதாரணக் குழாயில் இடதும் வலதும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே மலைதான் தெரியும். அதனால் குழாயின் உட்புறத்தில் வேறொரு பூச்சு பூசுகிறார்கள். மாவுச்சத்திலிருந்து கிடைக்கும், வளையம் போன்ற சர்க்கரைப் பொருள் அதில் இருக்கும். அது ஒரு கால் மாதிரி. ஒரு வகைச் செருப்பு அதில் நன்றாகப் பொருந்திச் சற்று நேரம் தங்கும். மற்றது முந்திக்கொண்டு ஓடிவிடும். இப்போது இரண்டு மலைகள் தெரியும்.

நல்ல லாவெண்டர் எண்ணெயில் ஒரு பெரிய மலையும் ஒரு சிறு மேடும் இருக்கும். மேடு வளர்ந்து மலையாகிவிட்டால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். ஐரோப்பிய மருந்துத் தர நூல் இதற்கு அளவு வைத்திருக்கிறது. எண்ணெயில் உள்ள லினலூலில் வலது வகை நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் முழுவதும் கூடாது என்று சொல்லவில்லை? நெடுநேரம் கொதித்தால் இடது வகையில் கொஞ்சம் வலதாக மாறிவிடும். கலப்படமே செய்யாதவர் எண்ணெயிலும் சிறு மேடு இருக்கத்தான் செய்யும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கற்பூர மரத்தில் ஒரு வகையின் எண்ணெயிலும் இடது லினலூல் நிறைய இருக்கிறது. அதைக் கலந்தால் மேடு வளராது. அப்போது லினலூலை மட்டும் பார்த்தால் போதாது. லாவெண்டரில் உள்ள மற்றப் பொருள்கள் உரிய அளவில் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள்.