புதிய மூளை அறுவை மருத்துவர் எதில் பழகுகிறார்?

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும் மலைப்பாதையில் இருசக்கர வண்டி சறுக்கித் தலையில் அடிபட்டவரைச் சேலத்துக்குக் கொண்டுவரும் உறவினர், அறுவை அரங்கின் வாயிலில் தயங்கியபடி ஒன்றைக் கேட்பதுண்டு: "டாக்டர் இளவயதாக இருக்கிறாரே, எங்கள் பிள்ளையை வைத்துத்தான் பழகப் போகிறாரா?" கேட்கத்தக்க கேள்விதான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினர். அக்காலத்தில் ஆசானின் அருகே நின்று பார்த்தும் உதவியுமே மாணவர் கற்றனர். இன்று அதற்கு முன்பாக ஒரு படி சேர்ந்துள்ளது. அதுவே மாதிரிப் பயிற்சி. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இதற்கெனத் தனிக் கூடமே வைத்திருக்கிறது.

விலையுயர்ந்த கணினிக் கருவிகள் மட்டுமே இதற்கு வேண்டும் என்பதில்லை. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் தேங்காயைக் கொண்டே மண்டையோட்டைத் திறக்கப் பழக்கியுள்ளனர். ஓட்டைத் துளையிட்டு ஒரு துண்டை எடுக்கவேண்டும். உள்ளிருக்கும் பருப்பு கிழிந்து நீர் கசிந்தால் பிழை. மண்டையோட்டின் அடியில் மூளையைப் போர்த்தியுள்ள சவ்வைக் காக்கக் கை அவ்வாறு பழகுகிறது. தேங்காய் உடைப்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு உள்ள கைப்பழக்கத்தை எண்ணினால் இது வியப்பாகத் தோன்றாது. கோழி இறக்கையிலுள்ள, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனுள்ள இரத்தக்குழாயைத் தலைமயிரினும் மெல்லிய நூலால் நுண்ணோக்கியின்கீழ் தைப்பது மற்றொரு பயிற்சி. தன் கையைப் பாராமல், உருப்பெருக்கிய காட்சியை மட்டுமே நோக்கித் தைக்கவேண்டும். விரல் நடுக்கம் அங்கே பெரிதாகத் தெரியும். முடிச்சு நழுவினால் வேறோர் இறக்கையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆயினும் தேங்காய்க்கு இரத்தம் கசியாது. அதற்கு வீக்கமும் இல்லை. உயிருள்ள மூளையோ ஒவ்வொரு நாடித்துடிப்பிற்கும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே மாதிரியில் தேர்ந்தவரும் உடனே தனித்து அறுவை செய்வதில்லை. முதலில் உதவியாளராக நிற்பார். பிறகு மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் எளிய பகுதிகளைச் செய்வார். எம்.எஸ். முடித்தபின் எம்.சிஎச். பட்டத்துக்கு மேலும் 3 ஆண்டுகள் இவ்வாறு கழியும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், அறுவைக்குப் பொறுப்பேற்கும் மூத்த மருத்துவர் யார், பயிற்சி மருத்துவர் எந்தப் பகுதியைச் செய்வார் எனத் தாங்கள் கேட்கலாம். அவசர வேளையிலும் இதற்கு ஓரிரு நிமிடங்கள் போதும். படிவத்தை வாசிக்க இயலாதோர், அதைப் படித்துக்காட்டுமாறு செவிலியரிடம் கூறலாம்.