குதிரையின் மூக்கும் நறுமணத் தைலமும்

குதிரைக்குக் கொள்ளும் புல்லும் தண்ணீரும் வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அதற்கு வாசனைத் தைலமும் வேண்டும் என்று ஒருவர் கூறினால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் மேலைநாட்டுக் குதிரை வளர்ப்போர் பலர் லாவெண்டர்த் தைலக் குப்பியை லாயத்திலேயே வைத்திருக்கின்றனர். மிரளும் குதிரை அடங்கும், வண்டியில் ஏற மறுக்கும் குதிரை ஏறும், இரவெல்லாம் கால் மாற்றித் தவிக்கும் குதிரை அமைதி பெறும் என்றெல்லாம் தைலம் விற்போர் சொல்லுகின்றனர். இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பார்ப்போம்.

இப்பொருள் தில்லித் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. ஆர்.கே.புரத்தில் நம் காதில் விழுவது மலை மந்திரின் மணியோசைதான், குளம்பொலி அன்று. ஆயினும் இந்திய இராணுவத்தின் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பேணும் பிரிவின் தலைமை அலுவலகம் அமைந்தது இங்குள்ள மேற்கு பிளாக்கில்தான். சில மைல் தொலைவில், 1773-ஆம் ஆண்டில் தோன்றிய குடியரசுத் தலைவர் மெய்க்காவற்படையின் குதிரைகள் நிற்கின்றன. பீரங்கி முழக்கத்துக்கும் வாத்திய ஒலிக்கும் நடுவே அவை ஜனவரி 26 அன்று அசையாது நடைபோடுவதை நாம் கண்டிருக்கிறோம். 2003-இல் ஹேம்பூர்ப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்து, 13 முறை அவ்வணிவகுப்பில் சென்று, 2022-இல் ஓய்வுபெற்ற 'விராட்' என்னும் குதிரையின் அமைதியைச் செய்தித்தாள்கள் எல்லாம் புகழ்ந்தன. அந்த அமைதி குப்பியிலிருந்து வந்ததன்று. ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனிக் குதிரையின் மூக்கைப் பார்ப்போம். நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். குதிரைக்கு அது இயலாது. அதன் மென்னண்ணம் வாய்க்கும் மூச்சுக் குழலுக்கும் இடையே திரை போல் அடைத்து நிற்பதால், உள்ளே போகும் காற்று முழுவதும் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே லாயத்தில் பரவும் எந்த மணத்தையும் முகராமல் இருக்க அதனால் முடியாது. மேலும், அண்ணத்திற்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்றொரு சிறு குழாய் உறுப்பும் அதற்கு உண்டு. பெண்குதிரையின் சிறுநீரை முகர்ந்த ஆண்குதிரை கழுத்தை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, பல் தெரிய நிற்பதைச் சிலர் சிரிப்பு என்று எண்ணுவர். சிரிப்பன்று; மணப் பொருளை அந்த உறுப்புக்குள் செலுத்தும் முயற்சி அது.

நாம் காலையில் செய்தித்தாளைப் புரட்டுவது போலக் குதிரை சாணத்தையும் சிறுநீரையும் முகர்கிறது. யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அதற்கு அங்கே எழுதியிருக்கிறது. அச்சமுற்ற மனிதனின் வியர்வைக்கும் மகிழ்ந்த மனிதனின் வியர்வைக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடக் குதிரைகள் உணர்கின்றன என்று பிரான்சு நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2023-இல் காட்டியது.

தைலத்திற்கு வருவோம். 2005-இல் டென்மார்க்கில் ஜான்னெ கிறிஸ்டென்சன் என்ற அம்மையாரும் அவர் தோழர்களும் ஓர் அழகிய பரிசோதனை செய்தனர். இளங்குதிரைகள் தீனி தின்னும் இடத்தில், முன்பின் அறியாத ஒரு பொருளையோ, ஓர் ஓசையையோ, ஒரு மணத்தையோ வைத்தனர். மணத்திற்கு அவர்கள் தேர்ந்தது யூகலிப்டஸ் தைலம்; அதாவது, நம் வீடுகளில் சளிக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம்! பொருளைக் கண்டபோதும் ஓசையைக் கேட்டபோதும் குதிரைகளின் இதயம் வேகமாகத் துடித்தது. தைலத்திற்கோ துடிப்பு மாறவில்லை. ஆனால் அவை அடிக்கடி தின்பதை நிறுத்தின; முகர்ந்தன; தலை தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தன. அச்சமில்லை, ஆனால் ஐயம் உண்டு.

அதே அம்மையார் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஓநாயின் மணம் மட்டும் வீசியபோது குதிரைகளின் இதயத்துடிப்பு கூடவில்லை. அம்மணத்தோடு திடீர் ஓசையும் சேர்ந்தபோதோ, ஓசையை மட்டும் கேட்ட குதிரைகளைக் காட்டிலும் அவற்றின் இதயம் மிகுதியாகப் படபடத்தது. மணம் தானே மிரட்டுவதில்லை. பின்னர் வருவதற்கு மனத்தைப் பதப்படுத்தி வைக்கிறது. மிரளவைக்கும் மணம் உண்டென்றால் அமைதிப்படுத்தும் மணமும் இருக்கலாமன்றோ?

இருக்கிறது என்றே தோன்றுகிறது, ஓர் அளவுக்கு. 2013-இல் அமெரிக்காவில் குதிரைகளின் அருகே ஊதுகொம்பை ஒலித்து அவற்றை மிரள வைத்தனர். பின்பு 15 நிமிடம் ஒருமுறை வெறும் ஈரக் காற்றையும், மற்றொருமுறை லாவெண்டர் கலந்த ஈரக் காற்றையும் முகரச் செய்தனர். லாவெண்டர் முகர்ந்தபோது இதயத்துடிப்பு விரைவாகத் தணிந்தது. 2018-இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்து ஆன் பால்ட்வின், லாவெண்டரை முகரும் வேளையில் குதிரையின் நரம்பு மண்டலம் ஓய்வுநிலைக்குச் சாய்வதைக் கண்டார். குப்பியை எடுத்ததும் பயனும் போய்விட்டது. இப்பரிசோதனைகள் யாவும் சில குதிரைகளைக் கொண்டே செய்யப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. விற்பனைச் சீட்டுகளில் இவ்விரண்டு செய்திகளும் அச்சாவதில்லை!

இது எவ்வாறு நிகழ்கிறது? லாவெண்டர்த் தைலத்தின் முக்கியப் பொருள்களுள் ஒன்று லினலூல். ஜப்பானில் ககோஷிமா ஆராய்ச்சியாளர் 2018-இல் அதனை எலிகளிடம் சோதித்தனர். முகர்ந்த எலிகளுக்கு அச்சம் குறைந்தது. மோப்ப உணர்ச்சி நீக்கப்பட்ட எலிகளுக்குக் குறையவில்லை. ஆகவே அப்பொருள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மயக்கவில்லை. மூக்கின் நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்பியே வேலை செய்கிறது. குப்பியை எடுத்ததும் குதிரையின் அமைதி கலைவதற்கும் இதுவே காரணமாகலாம் என்பது என் ஊகம்.

லினலூல் நமக்குப் புதியதன்று. கொத்தமல்லி விதையின் தைலத்திலும் பெரும்பங்கு அதுவே. இங்கு ஒரு வேடிக்கை. 2005-இல் இங்கிலாந்தில் லாயக் குதிரைகளின் தீனியில் பதினைந்து சுவைகளைக் கலந்து பார்த்தனர். அவை முதலிடம் தந்தது எதற்கு என்கிறீர்கள்? வெந்தயத்துக்கு! அடுத்தது வாழைப்பழம். சீரகமும் நல்ல இடம் பெற்றது. கொத்தமல்லி கலந்த தீனியையோ சில குதிரைகள் மிச்சம் வைத்துவிட்டன. காற்றில் இதமானது தொட்டியில் இதமாக வேண்டுமென்பதில்லை. (நம் விடுதிச் சமையற்காரர் இதைக் கவனிப்பாராக.)

மணத்தை அமைதிக்காக அன்றி, மறைப்பதற்காகவே கையாளும் வழக்கமும் உண்டு. பந்தயக் குதிரைக்காரர் ஆண்குதிரையின் மூக்கில் விக்ஸ் தடவுவர். அருகிலுள்ள பெண்குதிரையின் மணம் அதற்கு எட்டாது. தாயிழந்த குட்டியை வேறொரு தாயிடம் சேர்க்கும்போதும் தாயின் மூக்கிலும் குட்டியின் உடலிலும் அதையே தடவுவர். செய்தித்தாளின் மேல் மையைக் கொட்டுவது போன்ற வேலை இது. வேண்டிய நேரத்தில் பயன்படும். ஆனால் நாள்தோறும் லாயம் முழுவதும் தைலம் தெளித்தால் அதே மறைப்பு நாள்தோறும் நிகழும்.

தோலில் பூசுவது இன்னும் எச்சரிக்கைக்குரியது. பெய்ஜிங் ஒலிம்பிக் 2008-இன் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் உடலில் காணப்பட்டதால் நான்கு குதிரைகள் ஒரே நாளில் விலக்கப்பட்டன.

நம் நாட்டில் இவ்வழக்கம் பழமையானது. குதிரைகளை நாளைக்கு இருமுறை குளிப்பாட்டிச் சந்தனப்பொடி பூசி மாலையிட வேண்டும் என்று அர்த்தசாஸ்திரத்தின் குதிரை அதிகாரி பற்றிய பகுதி கூறுகிறது. (அந்நூலின் ஏட்டுப் பிரதி மைசூர் நூலகத்தை அடைந்தது தஞ்சை வட்டாரப் பண்டிதர் ஒருவர் வழியாகத்தான்.) சந்தன மணம் குதிரைக்கு இதமளித்ததா? அளித்திருக்கலாம். ஆனால் பூசிய கையை மறந்துவிடலாகாது. குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துக்கொள்ளும் திமிற்பகுதியில் மனிதன் தேய்த்துவிட்டாலே இதயத்துடிப்பு தணிகிறது என்று 1993-இல் பிரான்சில் அளந்து காட்டினர். மணத்தின் கணக்கில் நாம் எழுதும் பயனில் பாதி தேய்த்த கைக்கு உரியதாக இருக்கக்கூடும்.

என்னைக் கேட்டால், தைலக் குப்பியைத் திறக்குமுன் லாயத்தின் தரையை முகர்ந்து பாருங்கள் என்பேன். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் அவ்வாயு ஈர வைக்கோலுக்கு அருகில்தான் அடர்ந்திருக்கும். நின்றுகொண்டிருக்கும் நமக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தலை தாழ்த்தித் தின்னும் குதிரைக்கும், படுத்துறங்கும் குட்டிக்கும் அதுவே மூச்சுக்காற்று. அதன்மேல் லாவெண்டர் தெளித்தால் நம் மூக்கு ஏமாறும். குதிரையின் நுரையீரல் ஏமாறாது. இடைவிடாது உடலை ஆட்டுவதும் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவதும் பெரும்பாலும் தனிமையாலும் புல் குறைவாலும் வருபவை. அவற்றிற்கு மருந்து புல்லும் துணையும்தான்.

வெடிச்சத்தம் கேட்கும் இரவு, லாடம் அடிக்கும் வேளை, வண்டிப் பயணம் ஆகிய குறுகிய நேரங்களுக்கு லாவெண்டரை முயலலாம். பன்னிரண்டடிச் சதுர அறையில் கட்டுண்ட குதிரையால் பிடிக்காத மணத்தை விட்டு விலகிச் செல்ல இயலாது. ஆதலின் சுவரிலோ தீனித் தொட்டியிலோ தைலத்தைப் பூசலாகாது. துணியில் இரண்டு சொட்டு விட்டு ஓரடித் தொலைவில் காட்ட வேண்டும். அது கழுத்தை நீட்டி முகர்ந்து, கண் தளர்ந்து, கீழுதடு தொங்க நின்றால் சில நிமிடம் வைத்திருக்கலாம். தலையைத் திருப்பிக்கொண்டால் துணியை மடித்து வெளியே எடுத்துச் சென்றுவிட வேண்டும்.